மவுசர் 98-க்கு ட்ரிகர் கார்டு: பழசையே வச்சுக்கலாமா, புதுசு வாங்கணுமா?

பழைய ஜெர்மன் மிலிட்டரி ரைஃபிளான மவுசர் 98-ஐ வேட்டை ரைஃபிளா மாத்துறவங்க பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் (அத தாங்குற கட்டைக்கும்) தான் முதல்ல பணத்த ஒதுக்குறாங்க. ட்ரிகர சுத்தி இருக்குற வளையமான ட்ரிகர் கார்டு ஞாபகம் வர்றது கடைசில, அதுவும் அந்த பழைய இரும்ப கழட்டி போட்டுட்டு பளபளன்னு புதுசா ஒன்னு மாட்டிக்கலாம்ங்கற அளவுல தான். எனக்கு இது நிஜமாவே வருத்தமா இருக்கு, ஏன்னா மவுசர்ல ட்ரிகர் கார்டும் தோட்டா அடுக்குற மேகசின் பாக்ஸும் ஒரே துண்டு, ஒரே இரும்புல கடைஞ்சு எடுத்தது, அதுல கை வச்சா தோட்டா சேம்பருக்குள்ள (பேரலோட பின்பக்க அறைக்குள்ள) ஏறுற விதத்துலயே கை வைக்கிறீங்க.

மவுசர் ஆளுங்க இந்த பாக்ஸ கண்ணளவுல செய்யல. அஞ்சு தோட்டா ரெண்டு வரிசையா, ஒன்னுக்கொன்னு இடுக்குல உக்காரணும், அதுக்கு தோட்டாவோட அடி விட்டத்த 1.866 ஆல பெருக்கினா வர்றது தான் பாக்ஸோட பின்பக்க அகலம். மிலிட்டரி மவுசரோட தோட்டாவான 8×57-க்கு அடி கிட்டத்தட்ட 12 மி.மீ, அப்போ பாக்ஸ் 22 மி.மீ சொச்சம். தோட்டா முன்னாடி போகப்போக ஒல்லியாகுதுல்ல, பாக்ஸும் அதே மாதிரி முன்னாடி ஒடுங்கும். இந்த அளவு சரியா இருக்குறதால தான் போல்ட்ட தள்ளினா தோட்டா முக்காம முனகாம ஏறுது.

அதனால நீங்க எந்த தோட்டாவுக்கு மாத்துறீங்கங்கறது தான் முதல் கேள்வி. 7×57, 8×57 இந்த குடும்பம்னா ஃபேக்டரி கார்ட தொடவே வேணாம், அத விட நல்லதா எதுவும் கிடைக்காது. 30-06-ங்கற அமெரிக்க தோட்டான்னா அடி விட்டம் ஏறக்குறைய அதே தான், ஆனா நீளம் 85 மி.மீ பக்கம் வரும், மிலிட்டரி பாக்ஸ் உள்ளுக்குள்ள சுமார் 84 தான், அதனால முன் சுவர கொஞ்சம் செதுக்க வேண்டி வரும். நார்வேக்காரங்க போருக்கப்புறம் ஜெர்மன்காரன் விட்டுட்டுப் போன கே98-ஐ (மவுசர் 98-ஓட குட்டையான ரகம்) 30-06-க்கு மாத்தினப்போ ரிசீவர் ரிங்ல, அதாவது பேரல் மாட்டுற உடம்போட முன் வளையத்துல, ஒரு வெட்டு போட்டாங்க, அதுவும் இந்த நீளத்துக்காக தான். 308-ன்னா பிரச்சனை தலைகீழ், தோட்டா 71 மி.மீ தான், பாக்ஸுக்குள்ள முன்னும் பின்னும் ஆடாம இருக்க ஒரு அடைப்பு வைக்கலாம். அடில பெல்ட் மாதிரி வளையம் வச்ச மேக்னம் தோட்டாவுக்கு போறவங்களுக்கு மட்டும் தான் நான் தயங்காம ஆஃப்டர்மார்க்கெட், அதாவது வெளிக் கம்பெனி கார்டுன்னு சொல்வேன், அடி 13.5 மி.மீ, கணக்கு போட்டா அகலம் 25 மி.மீ வருது, பழைய பாக்ஸ்ல அத திணிக்கறது வேலைக்காகாது.

சரி, வசதினு ஒன்னு இருக்கு, அத மறுக்க மாட்டேன். பாக்ஸோட அடி மூடியான மிலிட்டரி ஃப்ளோர் பிளேட்ட கழட்ட தோட்டா முனைய அந்த சின்ன ஓட்டைல வச்சு அழுத்தி பின்னாடி தள்ளணும், பிளேட், ஸ்பிரிங், தோட்டாவ மேல தூக்குற ஃபாலோயர் எல்லாம் கையோட வந்துரும், குளிர்ல கையுறையோட நிக்கறவனுக்கு அது எரிச்சல் தான். கீல் வச்ச பிளேட்னா ஒரு அழுத்து, தோட்டா கைல கொட்டிரும். மவுசரோட ஊரான ஓபர்ன்டார்ஃப்ல செஞ்ச வேட்டை மவுசர்லயே போருக்கு முன்னாடி லீவர் வச்ச கீல் பிளேட் வந்துருச்சு, பெல்ஜியத்து எஃப்என் வேட்டை ரைஃபிள்கள்லயும் கீல் பிளேட் உண்டு. ஆக புதுசு வாங்கறதுல தப்பில்ல, ஆனா லாட்ச் (பிளேட்ட பிடிக்கற கொக்கி) எவ்வளவு இறுக்கமா பிடிக்குதுன்னு பாத்து வாங்குங்க, சுடுற அதிர்ச்சில தானா திறந்து தோட்டா மண்ணுல விழுந்தா என்ன பிரயோஜனம்.

அலுமினியமா ஸ்டீலானு கேட்டா ஸ்டீல் தான். சன்னி ஹில், பிளாக்பர்ன் மாதிரி ஸ்டீல் கார்டு விலை அதிகம் தான், ஆனா ரிசீவரோட சேத்து ஒரே நிறமா ப்ளூ (துருப்பிடிக்காம இருக்க இரும்புக்கு தர்ற கருநீல பூச்சு) பண்ணலாம். அலுமினியத்த ஹாட் ப்ளூ தொட்டில போட்டா காரம் அத அரிச்சுரும், தனியா அனோடைஸ் பண்ணணும், அப்பவும் நிறம் ஒத்துப் போகாது. எடை குறையணும்ங்கறவங்களுக்கு அலுமினியம் சரி, எனக்கு அந்த சின்ன எடை வித்தியாசம் பெருசா தோணல.

இன்னொன்னு, கே98 கார்டுலயும் ஃப்ளோர் பிளேட்லயும் சீரியல் நம்பர் அடிச்சிருக்கும். 1968 துப்பாக்கி சட்டம் வர்ற வரைக்கும் அமெரிக்காவுல தபால்ல மலிவா வந்து குவிஞ்ச துப்பாக்கிங்க இது, அதனால எத்தனையோ பேரு வேட்டைக்கு மாத்தறோம்னு யோசிக்காம அறுத்துட்டாங்க. உங்களுதுல எல்லா நம்பரும் ஒத்துப் போனா தயவுசெஞ்சு அத அப்படியே விட்டுட்டு, ஏற்கனவே அறுபட்ட வேற ஒன்ன தேடுங்க. போர் முடியப்போற சமயத்துல வந்த, தகட்டுல அழுத்தி செஞ்ச கார்டுனா அது சரித்திரத்துக்கு நல்லது, வேட்டை ரைஃபிளுக்கு நான் அத எடுக்க மாட்டேன்.

எத வாங்கினாலும் மாட்டும்போது பாக்ஸ் மேல் விளிம்பு ரிசீவர் அடில முட்டக்கூடாது, தாள் கனம் இடைவெளி இருக்கணும். முட்டுச்சுன்னா ஸ்க்ரூவ எவ்வளவு முறுக்கினாலும் ஸ்டாக் இறுகாது, குண்டு போற இடமும் மாறிக்கிட்டே இருக்கும். பின் ஸ்க்ரூ போற அந்த இரும்பு குழாயோட நீளமும் புது கார்டுக்கு ஒத்து வருதான்னு அளந்து பாருங்க. மிலிட்டரி கார்டுல ஸ்க்ரூ தளராம இருக்க பக்கத்துலயே குட்டி பூட்டு ஸ்க்ரூ ஒன்னு இருக்கும், புதுசுல பல நேரம் அது கிடையாது, அதனால ரேஞ்சுக்கு போறதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்க்ரூவையும் ஒரு தடவ சரி பாத்துட்டு போங்க.