வீட்டுப் படம்

எங்கள் சித்திர மாஸ்ரர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்து வாட்ஸ்அப்பில் வந்ததும் ஆளாளுக்கு ஆழ்ந்த அனுதாபம் போட்டார்கள். நானும் போட்டேன். நாங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரை ஒருவரும் எழுதவில்லை. எழுதினாலும் மலர்க்குழு அச்சிடாது.

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடம். கரும்பலகையில் 'எங்கள் வீடு'. வகுப்பு முழுக்க இரண்டு மலை, நடுவில் சூரியன், அருகே ஓர் ஆறு. யாழ்ப்பாணத்தில் ஏது மலை, ஏது ஆறு? ஆனால் மார்க் அதற்குத்தான். நான் மேலேயிருந்து பார்ப்பதுபோலக் கீறினேன்: படலை, முற்றம், விறாந்தை, சாமி அறை, தனியே நிற்கும் குசினி, கிணற்றடி, எல்லைப் பனை.

மாஸ்ரர் கொப்பியை உயர்த்திப் பிடித்தார். "டேய், இது வீடோ, சேவையர் கீறின காணிப் படமோ?" சிரிப்பு அடங்கவே நேரமெடுத்தது. மணியடிக்கும்வரை வாங்கில் ஏறி நின்றேன். அடுத்த தவணை நானும் மலை கீறினேன், நல்ல மார்க்.

நன்றி கெட்டும் பேசக்கூடாது. பஸ்ரல் வாங்க வழியில்லாத பெடியளுக்குத் தன் பெட்டியிலிருந்து பாதி உடைத்துத் தருவார், மற்றவர்கள் காணாமல்.

ஓவியர் தா. சனாதனனுக்குச் சித்திரம் படிப்பிக்க வாய்த்தவர் மாற்கு மாஸ்ரர். சனாதனன் 1969இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, டில்லியில் ஓவியம் படித்து, திரும்பி வந்து யாழ் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிப்பிக்கிறார். டில்லி வரை போனவர் திரும்பினார். கட்டுநாயக்கா விமான நிலையம் தாண்டிய நாங்கள் திரும்பவில்லை. பழைய காணிப் பதிவேடான தோம்பின் பெயரில் 2011இல் அவர் ஒரு நூல் கொண்டுவந்தார். இடம்பெயர்ந்தவர்களிடம் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தரச் சொல்லியிருக்கிறார். அதைக் கட்டடக் கலைஞர் அளவாகத் திருப்பிக் கீற, பக்கத்தில் சனாதனனின் பஸ்ரல் ஓவியம். ரொறன்ரோவில் ஒரு நண்பர் வீட்டில் அதைப் புரட்டினேன். ஒரு மலைகூட இல்லை. கோணல் கோடுகளில் குசினி, கிணறு, மாமரம். எங்கள் வகுப்பில் என்றால் அத்தனை பேரும் வாங்கில்தான்.

வலிகாமம் வடக்கில் எங்கள் காணி 1990இலிருந்து இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. விடுபட்டதும் தம்பி போனான். வீடும் இல்லை, வேலியும் இல்லை, பனையும் இல்லை. கிணற்றையும் தூர்த்திருந்தார்கள். காணி அளக்க வந்த சேவையர், "குசினி எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்க, தம்பி அங்கிருந்தே எனக்குப் போன் எடுத்தான்.

நான் கிழக்கு என்றேன். அம்மா போனைப் பறித்து, "அவனுக்கென்ன தெரியும், எண்பத்தாறிலேயே போனவன். மேற்குத்தான்" என்றா. கொப்பி இருந்திருந்தால் இந்தச் சண்டையே இல்லை. அதை எப்போதோ அடுப்பு மூட்டக் கிழித்ததாம்.

தம்பி இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, பக்கத்துக் காணிக்காரர் காட்டிய இடத்தில் எல்லைக் கல்லுப் போட்டான்.