உறையும் கப்பலும்

பாடசாலை மலர்க் குழுவினர் பழைய நினைவு ஏதாவது எழுதித் தரச் சொன்னதும், விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா எல்லாவற்றையும் முந்திக்கொண்டு எனக்கு ஞாபகம் வந்தது ஒரு கட்டுக் காகிதம்.

உயர்தரத்தில் பொருளியல் படிப்பித்த சேர் அதை மேசையில் வைத்துவிட்டுப் பத்துப் பேரை முன்னுக்குக் கூப்பிட்டார். சுற்றுக்குப் பத்து நிமிடம். கடித உறை ஒட்டலாம், இல்லாவிட்டால் கப்பல் மடிக்கலாம். யாருக்கு எது என்பதை அவரே சொல்வார். முதற்சுற்றில் எல்லாருக்கும் உறை. அடுத்த சுற்றில் இரண்டு பேரைக் கப்பலுக்கு மாற்றினார். உறையை விடச் சட்டையில் அதிகம் பசை பூசிக்கொண்டிருந்த இரண்டு பேர். அதில் ஒருவன் நான். நாங்கள் விலகியதால் உறையில் ஒன்றிரண்டுதான் குறைந்தது, கப்பலோ மளமளவென்று சேர்ந்தது. அப்புறம் ஒவ்வொருவராக மாற்றிக்கொண்டே போய், கடைசியில் உறை ஒட்டுவதில் சூரர்களையும் பிடித்து இழுத்தார். உறைக் குவியல் சரிந்ததுதான் மிச்சம், கப்பல் பெரிதாகக் கூடவில்லை.

எண்ணிக்கைகளைக் கரும்பலகையில் புள்ளி வைத்து இணைத்தார். வெளிப்பக்கம் வளைந்த கோடு: உற்பத்திச் சாத்திய வளையி. ஒரு கப்பலுக்காகக் கைவிட்ட உறைகள்தான் அதன் அமையச் செலவு, அது ஏறிக்கொண்டே போவதால்தான் கோடு வளைகிறது என்றார். காசு என்ற சொல்லே வரவில்லை. ஒரு சுற்றில் இரண்டு பேர் அரட்டையடித்தார்கள்; அந்தப் புள்ளி கோட்டுக்கு உள்ளே விழுந்தது. அது வேலையில்லாமை.

"சரி, இதில் எந்தப் புள்ளி நல்லது?"

ஆளுக்கொன்று சொன்னோம். கோடு அதைச் சொல்லாது என்றார்.

"இன்றைக்கு யார் தீர்மானித்தது?"

"நீங்கள்தான் சேர்."

"அப்போ இது திட்டமிட்ட பொருளாதாரம்."

அப்படியே சோவியத் ஒன்றியத்தின் 1928 ஐந்தாண்டுத் திட்டத்துக்குத் தாவினார். எவ்வளவு உருக்கு, எவ்வளவு துணி என்று மேலிருந்து இலக்கு வரும். சந்தையில் அந்த வேலையை விலை பார்க்கிறது. ஆனால் விலையின் காதில் காசு உள்ளவனின் குரல்தான் விழும் என்றும் சொன்னார். சந்தையை நம்பிய அமெரிக்காகூட 1942 பெப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை நிறுத்தி, கார்த் தொழிற்சாலைகளை யுத்தத் தாங்கியும் விமானமும் செய்ய வைத்ததே!

கன்டோரோவிச்சைப் பற்றி நான் வாசித்தது பல வருடங்கள் கழித்து. 1939இல், ஒட்டுப்பலகை ஆலையில் எந்த மரத்தை எந்த இயந்திரத்துக்குக் கொடுத்தால் விளைச்சல் கூடும் என்று கணக்குப் போட்ட சோவியத் கணிதவியலாளர். ஒவ்வொரு இயந்திரமும் ஒவ்வொரு மரத்தில் கெட்டி, எங்கள் பத்துப் பேரைப் போலத்தான். விடையோடு சேர்ந்து ஒரு வகை விலைகளும் வெளியே வந்தன. திட்டத்தின் சொந்த வீட்டிலேயே விலை எட்டிப் பார்த்திருக்கிறது! 1975இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

எனக்குக் கிடைத்தது வேறு. தவணைப் பரீட்சையில் வேலையில்லாமைப் புள்ளியைக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டேன். பக்கத்தில் சிவப்பு மையில் சேர் எழுதியிருந்தார்: "இவ்வளவு செய்ய எங்களிடம் ஆளும் இல்லை, காகிதமும் இல்லை."