கை கழுவுகிற நேரம்

நீலகிரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் 22 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ் வேலை. பிறந்தது நாசரேத் பக்கம். கல்யாணமாகி மலையேறி வந்தவள். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தேயிலை பறிக்கிற பெண்கள், கேரட் தோட்டத்துக் கூலிக்காரர்கள். எப்போதாவது காட்டெருமை முட்டியவர்களைத் தூக்கி வருவார்கள். உறைபனி விழுகிற ஜனவரி இரவுகளில் மூச்சுத்திணறலோடு முதியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இதெல்லாம் பழகிப்போன வேலை.

2021 மே மாதம் பழகவே இல்லை. கொரோனா இரண்டாம் அலை. கவச உடையை மாட்டிக்கொண்டால் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது. வெளியே மலைக்குளிர், உள்ளே வேர்வை. முகக் கண்ணாடி மங்கி, ஊசி போட நரம்பைத் தேடுவதே பெரிய பாடு. ஒரே வாரத்தில் நான்கு பேர் என் டியூட்டியில் போனார்கள். அவர்கள் வீட்டுக்குப் போன் செய்து சொன்னது நான்தான்.

அந்த மாதம் என் ஜெபம் நின்றுபோனது. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனமெல்லாம் நினைவில் இருந்தன, ஆனால் வாய் வரவில்லை. வருடப் பிறப்பு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் ஏசாயா 40:31: ‘கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து...’ அதை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன். புதுப்பெலன் என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வந்தது. கோபம் வருகிறதே என்று குற்றவுணர்வும் வந்தது. பாஸ்டரிடம் சொல்ல வெட்கம். ராஜினாமாக் கடிதம் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வார்டில் ஒரு ஆயாம்மா இருந்தார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம்; சின்னப் பிள்ளையாக ராமேஸ்வரத்தில் கப்பல் விட்டு இறங்கியவர். பிறந்த மண்ணை விட்டு வந்து, தெரியாத மலையில் முதலிலிருந்து தொடங்கியவர்கள் வீட்டுப் பெண். ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்குக் கவச உடையைக் கழற்றிவிட்டு ஸ்டோர் ரூம் வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா எங்கள் ஊர் மொறுமொறு வர்க்கியும், பால் ஊற்றாத கட்டஞ்சாயாவும் கொண்டு வந்து வைத்தார்.

“சாப்பிடுங்க சிஸ்டர். இன்னும் மூணு மணி நேரம் இருக்கு.”

வேண்டாம் என்றேன். போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு வேறு டீ வைத்தார். ஜெபிக்கிறேன் என்றோ, விசுவாசமாயிருங்க என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்தபோதுதான் வேதாகமத்துத் தீர்க்கதரிசி எலியாவின் ஞாபகம் வந்தது. எத்தனையோ பிரசங்கம் கேட்ட பகுதி, 1 இராஜாக்கள் 19. சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்ட மனுஷனுக்கு தேவதூதன் புத்திமதி சொல்லவில்லை. ‘எழுந்திருந்து போஜனம்பண்ணு’ என்கிறான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். தின்றுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொள்கிறான். தூதன் கோபிக்கவில்லை, இரண்டாந்தரமும் வந்து எழுப்புகிறான். கர்த்தருடைய மெல்லிய சத்தம் கேட்பதெல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகு! நான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டுக்கொண்டிருந்தேன், அடையைத் தள்ளி வைத்துவிட்டு.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. மாதக்கணக்காயிற்று. எங்கள் கேத்திப் பள்ளத்தாக்கில் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்கள் 1846ல் ஊழியம் தொடங்கினார்கள். இந்த மலையின் படகர் சமூகத்தில் முதல் ஞானஸ்நானம் 1858ல்தான். நடுவில் பன்னிரண்டு வருடம். அந்த மிஷனரிகள் தினமும் காலையில் எதை நம்பி எழுந்தார்கள் என்று முன்பு யோசித்ததே இல்லை. இப்போது யோசிக்கிறேன். ‘உள்ளான மனுஷனானது நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது’ என்று பவுல் எழுதினாரே, அதில் ‘நாளுக்குநாள்’ என்பதைத்தான் நான் இத்தனை காலம் படிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஜெபம் திரும்பி வந்தது வாஷ்பேசினில். சோப்புப் போட்டுக் கை கழுவ 40 முதல் 60 வினாடி ஆக வேண்டும் என்பது விதி. இருபத்துமூன்றாம் சங்கீதத்தை நிதானமாகச் சொன்னால் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். முழங்காலில் நிற்கத் தெம்பில்லாத எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை கை கழுவுகிறோம்! ராஜினாமாக் கடிதம் பைக்குள்ளேயே மடிந்து நைந்தது. அப்புறம் எப்போது கிழித்தேன் என்பது நினைவில்லை.

அக்கா போன வருடம் ஓய்வு பெற்றார். அவர் டீ போட்ட கெட்டில் இப்போது என் பொறுப்பு. நேற்று இரவு ‘அவர் என் ஆத்துமாவைத் தேற்றி’ வரை வந்திருந்தேன், நாலாம் பெட்டில் மணி அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தை நடந்துகொண்டே சொன்னேன்.