எந்தப் பிரிவில் வருகிறது?

“இனப்படுகொலை எந்தப் பிரிவில் வருகிறது, சார்?”

இன்று மாலை நூலகத்தில், சட்டம் படிக்கும் மாணவி ஒருவர், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பொருளடக்கத்தில் விரலை ஓட்டியபடி கேட்டார். அப்படியொரு பிரிவே இல்லை என்றேன். நம்பாமல் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தேடத் தொடங்கினார்.

இனப்படுகொலைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1959இலேயே ஏற்றுக்கொண்டது. அக்குற்றத்தைத் தண்டிக்க உள்நாட்டில் சட்டம் இயற்றுவதும் அதில் அடங்கிய கடமைதான். இன்றுவரை அது நிறைவேறவில்லை.

1984 நவம்பரில் டெல்லியில் மட்டும், அரசுக் கணக்கின்படியே, 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். ராஜ் நகரில் ஐவர் கொல்லப்பட்ட வழக்கில் காங்கிரஸ் பிரமுகர் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2018 டிசம்பர் ஆனது. கீழ்நீதிமன்றம் விடுவித்திருந்தவரைத் தண்டித்த டெல்லி உயர் நீதிமன்றத்தின் நீதிபதி முரளிதர் அமர்வு, மானுடத்துக்கு எதிரான குற்றங்களும் (பொதுமக்கள் மீது பரவலாகவோ திட்டமிட்டோ நடத்தப்படும் கொலை, சித்திரவதை போன்றவை) இனப்படுகொலையும் நம் குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவில்லை என்றும், இந்த ஓட்டையை அவசரமாக அடைக்க வேண்டும் என்றும் எழுதியது. திட்டமிட்ட அழித்தொழிப்பைத் தனித்தனிக் கொலை வழக்குகளாகப் பிரித்து விசாரிக்கும்போது, ஏவிவிட்டவர்கள் எளிதில் தப்பிவிடுகிறார்கள்.

ஜெர்மனி 2002இல் இத்தகைய குற்றங்களுக்கெனவே தனிச் சட்டம் கொண்டுவந்தது. டமாஸ்கஸ் சிறையில் நடந்த சித்திரவதைகளுக்காகச் சிரியாவின் முன்னாள் உளவு அதிகாரி அன்வர் ரஸ்லானுக்கு, 2022 ஜனவரியில் கோப்லென்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது அந்தச் சட்டத்தின்படிதான்.

நம் புதிய சட்டம் டெல்லித் தீர்ப்புக்கு ஐந்தாண்டுகள் கழித்து நிறைவேறியது. அந்த இரு குற்றங்களையும் அப்போதும் சேர்க்காமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.