பீக்கோவ வச்சு ரவுட்டர் பின் தேடுற பெட்டி, இப்போதைக்கு இவ்வளவு தூரம்

பழைய ரவுட்டர தொறந்து பாத்தா போர்டு ஓரத்துல நாலு ஓட்டை வரிசையா இருக்கும், பேரும் எழுதியிருக்காது. அநேகமா யுவார்ட் அதுதான், ரவுட்டர் தன் மெசேஜ எழுத்தா வெளிய அனுப்புற சீரியல் லைன். எது டிஎக்ஸ் (டேட்டா அனுப்புற பின்), என்ன ஸ்பீடுன்னு தேடித் தர ஜோ கிராண்ட் 2013ல கொண்டு வந்த ஜேடேகுலேட்டர்ங்கிற கருவி இருக்கு, ஆனா அத வெளிநாட்டுல இருந்து எடுத்து டியூட்டியும் கட்டுறதுக்கு நம்ம பர்ஸ் தாங்காது, அதான் ராஸ்பெர்ரி பை பீக்கோங்கிற குட்டி கண்ட்ரோலர் போர்டு ஒன்னு வச்சு நானே செய்றேன்.

ரவுட்டருக்கு இங்க இலங்கையில ஹட்டன் பக்கம் பஞ்சமே இல்ல. ஏப்ரல், ஒக்டோபர்ல பின்னேரமானா இடி மின்னல், ஃபோன் லைன் வழியா இறங்கி அடிச்சிட்டு போயிரும், ரிப்பேர் கடையில கேட்டா சும்மாவே தாறாங்க. அநேகமானதுல லைன் பக்கம்தான் செத்திருக்கும், பிராசசரும், சாஃப்ட்வேர் கிடக்குற ஃபிளாஷ் சிப்பும் உயிரோட இருக்கும். என்ன, இந்த ஈரத்துக்கு கால் எல்லாம் பச்சை பூத்து கிடக்கும், ஐசோபுரோபைல் ஊத்தி பழைய பல்பிரஷ்ல தேச்சாத்தான் போகோ பின் (ஸ்பிரிங் வச்ச ஊசி) ஒழுங்கா தொடும்.

கிரவுண்ட மீட்டர்லயே புடிச்சிரலாம், மெட்டல் கவரோட சத்தம் போடுதான்னு பாத்தா போதும். 3.3 வோல்ட்டுல அசையாம நிக்கிறது விசிசி (பவர் லைன்), பூட் ஆகுறப்ப ஆடுறது டிஎக்ஸ். ஸ்பீடுதான் சுவாரசியமான விசயம். லைன்ல வர்றதுலயே ஆகக் குட்டி பல்ஸ் எதுவோ அதுதான் ஒரு பிட், 115200ன்னா 8.68 மைக்ரோ செகண்ட், 9600ன்னா 104. முதல்ல பீக்கோவுல மைக்ரோபைத்தன் புரோகிராம் எழுதி அளந்தேன், அது முழு மைக்ரோ செகண்டாத்தான் சொல்லும், 115200க்கு சமாளிக்கலாம் அதுக்கு மேல போனா நம்பேலாது. இப்ப பிஐஓவுக்கு (பின்ன மட்டும் கவனிக்க பீக்கோவுக்குள்ள இருக்குற தனி சர்க்யூட்) மாத்தியாச்சு, 125 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு கிளாக் 8 நானோ செகண்ட், அப்ப 115200ல ஒரு பிட்டுக்கு 1085 கிளாக் கிடைக்குது, பவர் போட்ட உடனே ஸ்கிரீன்ல ஸ்பீடு வந்து நிக்குது, ரவுட்டர எழுப்புற யூ-பூட் புரோகிராமோட மெசேஜ் ஓடுறத பாக்க சும்மா ஜம்முனு இருக்கு. 1.8 வோல்ட் போர்டுக்கு வோல்ட்டேஜ மாத்துற லெவல் ஷிஃப்டர் போடணும், அது இன்னும் போடல.

அதே பீக்கோவுக்கு செர்ப்ரோக் ஃபர்ம்வேர் ஏத்துனா கம்பியூட்டர்ல ஓடுற ஃபிளாஷ்ரோம் புரோகிராமோட சேந்து ஃபிளாஷ் சிப்ப வாசிக்கும். சிப் வாசிக்கிற கறுப்பு சிஎச்341ஏ போர்டு டேட்டா லைன்ல 5 வோல்ட் விடுற சாமான், பீக்கோவுல அந்தப் பயம் இல்ல. ரெண்டு தடவ வாசிச்சு ஹாஷ் (டேட்டாவோட கைரேகை மாதிரி) ஒத்துப் போனாத்தான் அந்த டம்ப, அதாவது வாசிச்ச காப்பிய, நம்புவேன்.

ஒன்னு சொல்லணும். தூக்கிப் போட்ட ரவுட்டர் ஃபிளாஷ்ல பழைய ஆளோட வைஃபை பாஸ்வேர்ட் சிலதுல அப்படியே கிடக்கு. அத நான் உடனே அழிச்சிருவேன். நீங்களும் ரீசெட் பண்ணாம யாருக்கும் குடுக்காதீங்க. அடுத்தவன் ரவுட்டர்ல அனுமதி இல்லாம கை வச்சா 2007ஆம் வருசத்து 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் இருக்கு, வெளையாட்டு இல்ல.

இப்ப இழுபறி எங்கன்னா, போர்டுல இருக்குறப்பவே ஃபிளாஷ் சிப்புல கிளிப்ப மாட்டி கரண்ட் குடுத்தா பிராசசரும் முழிச்சுக்கிட்டு அதே லைன்ல பேச ஆரம்பிக்குது, ஒவ்வொரு வாசிப்பும் ஒவ்வொரு மாதிரி வருது. அடுத்து பிராசசரோட ரீசெட் கால கிரவுண்டுக்கு இழுத்துப் புடிச்சுட்டு வாசிச்சுப் பாக்கப் போறேன், அதுக்கும் மசியலன்னா ஹாட் ஏர் வச்சு சிப்ப கழட்ட வேண்டியதுதான்.