நடை திறக்கும் வரை

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகும் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தால், ஒரே மூச்சில் ஐந்து ஆறுகளைப் பார்த்துவிடலாம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி என்று பாலங்கள் வரிசையாக வருகின்றன. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம்; அந்தத் தண்ணீர் கல்லணையை எட்ட மூன்று நான்கு நாட்கள் ஆகும், அங்கிருந்து பிரிந்து வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று வயலுக்குள் இறங்க இன்னும் சில நாட்கள். நான் போனது ஆனிக் கடைசி என்பதால், ஐந்து ஆறுகளிலும் செம்மண் கலந்த புதுத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஐயாறப்பர் கோயிலைப் பார்க்கத்தான் கிளம்பினேன். ஆனால் திருவையாற்றில் இறங்கியவன் அசோகாவைச் சாப்பிடாமல் கோயிலுக்குள் போவது எப்படி? பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்த அந்த இனிப்பை இலைத்துண்டில் வாங்கி, ஆசை தீராமல் இன்னொன்றும் வாங்கி, சாவகாசமாகக் கோபுர வாசலுக்குப் போனபோது நடை சாத்தியிருந்தார்கள். இனி மாலை நான்கு மணிக்குத்தான். பழியை அசோகாவின் மேல் போட்டுவிட்டு, கண்டியூர் சாலையில் திரும்பி நடந்தேன்.

சாலையை ஒட்டிய வயல் ஒன்றில் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. ஒரு மூலையில் நாற்றங்கால். அங்கே ஆண்கள் இருவர் குனிந்து நாற்றுப் பறித்தார்கள். இரண்டு கையாலும் கொத்துக் கொத்தாகப் பறித்துச் சேர்த்து, வேரைத் தண்ணீரில் அலசி, காலில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதிர்த்து, வாழை நாரால் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகினால் ஒரு முடி தயார். முடிச்சுப் போடுவதில்லை, நடுகிறவர் ஒரு விரலால் இழுத்தாலே அவிழ்ந்துவிட வேண்டும். மண்ணை உதிர்ப்பதும் சுத்தத்துக்காக அல்ல. சுமை குறையும், நடும்போது வேர்கள் ஒன்றோடொன்று சிக்காமல் பிரிந்து வரும்.

என்னை நிற்க வைத்தது அதற்கு அடுத்த வேலைதான். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் வரப்பில் நின்று, நீர் சொட்டும் முடிகளைச் சேற்று வயலுக்குள் ஒவ்வொன்றாக வீசினார். ஒவ்வொரு முடியும் காற்றில் ஒரு முறை புரண்டு, துளிகளை வட்டமாகச் சிதறிவிட்டு, வேர்ப்பக்கம் கீழாக வந்து ‘சொத்’தென்று நின்றது. அளந்து வைத்தாற்போன்ற இடைவெளி. ஒரு முடி தீர்ந்து அடுத்ததற்குக் கை நீளும்போது அது எட்டும் தூரத்தில் கிடக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு என்பது, பெண்கள் வரிசையாகப் பின்னோக்கி நட்டுக்கொண்டே வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. மேலே வெள்ளை வானம், கீழே அதே வானம் கிடக்கும் சேறு, நடுவே பச்சைப் புள்ளிகள். கோயில் தூணில் இருந்திருந்தால் இதற்கு ஒரு பெயர்ப்பலகை வைத்திருப்பார்கள்.

கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தேன். வரிசையின் கடைசியில் இருந்த வயதான அம்மா நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“ஏன் தம்பி, சேத்துல என்னத்தப் புடிக்கிற?”

“பாக்க அழகா இருக்கும்மா.”

“இதுவா அழகு? நட்டு ஒரு வாரம் மஞ்சளாத்தான் கெடக்கும். பச்சை புடிச்சு, தூர் கட்டி, கதிர் வாங்குறப்ப வந்து பாரு.”

அவர் சொன்னதை நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. விளைச்சலைப் பார்க்கும் கண்ணுக்கு அழகு மூன்று மாதம் தள்ளித்தான் இருக்கிறது. எனக்கோ குனிந்து நட வேண்டிய முதுகு இல்லை என்பதால் இன்றே தெரிகிறது. இன்னும் கொஞ்சம் கிட்டே போக வரப்பில் கால் வைத்தேன். வழுக்கி முழங்கால் வரை இறங்கினேன். பெண்கள் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழுந்து பறந்தன.

இறங்கியதுதான் இறங்கினோம் என்று, ஒரு முடி கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். வீசிக்கொண்டிருந்தவர், “வாங்க சார், இன்னைக்கு ஆளு வேற கொறைச்சல்” என்று நாரை நீட்டினார். கண்டியூர்ப் பக்கம் இயந்திர நடவு வந்துவிட்டதையும், அதற்குப் பாய் போல வளர்த்துச் சுருட்டி எடுத்துவரும் நாற்று 15 நாளில் தயாராகிவிடுவதையும் சொல்லிக்கொண்டே அவர் கை நான்கு முடிகளைக் கட்டியது. அதற்குள் நான் ஒன்று கட்டினேன். அவரைப் போலவே வீசினேன். அது நடுவானிலேயே அவிழ்ந்து, நாற்றெல்லாம் தனித்தனியாகச் சேற்றில் விழுந்தது.

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சிதறியவற்றை இடக்கையில் பொறுக்கிச் சேர்த்து, வேர்களை ஒருசீராக்கி, விட்ட இடத்திலிருந்து நடத் தொடங்கினார்.