பள்ளி விடுற நேரத்து வெயில்

கோலாலம்பூர்ல (கே.எல்.) இருந்து சொந்தக்காரங்க வந்தா முதல் வார்த்தையே "காத்து எப்டி இருக்கு பாரு, குடுத்து வச்சவங்க நீங்க"ன்னுதான் இருக்கும். சிலாங்கூர்ல எங்க ராசா டவுன் அப்படித்தான், ஒரு பக்கம் தித்திவாங்சா மலை, சுத்தி செம்பனைத் தோட்டம், மோட்டார்ல ஏறினா கொஞ்ச நேரத்துல கோலகுபு பாரு, கொமுட்டர் ரயில் பிடிச்சா கே.எல். இவ்வளவு இருந்தும் நம்ம பிள்ளைங்க மத்தியானம் பூரா வீட்டுக்குள்ள போனோட கெடக்குதுங்க. ஒரு ஊரு வாழ லாயக்கான்னு பாக்க கிளினிக், பேங்க், கடைன்னு எண்ணுறாங்க. நான் பாக்குறது நிழல.

இத ஏன் சொல்றேன்னா நம்ம கடிகாரத்துல ஒரு விஷயம் இருக்கு. 1982 ஜனவரி 1ல இருந்து தீபகற்ப மலேசியாவுல நேரத்த அரை மணி முன்னுக்குத் தள்ளி சபா சரவாக்கோட ஒண்ணாக்கினாங்கல்ல, அதனால நம்ம பக்கம் உச்சி வெயில் 12 மணிக்கு இல்ல, ஏறக்குறைய ஒண்ணே கால் மணிக்கு. தமிழ்ப்பள்ளி விடுறதும் அந்த நேரந்தான். மார்ச் கடைசி, செப்டம்பர் நடுவுலல்லாம் அந்த நேரம் ரோட்டுல நின்னு கீழ பாருங்க, பிள்ளையோட நிழல் சப்பாத்த விட்டு வெளியவே வராது. முதுகுல அந்த கனமான பை, தார் ரோடு, ஓரத்துல ஒரு மரம் கெடையாது. முன்னாடி இருந்துச்சு, ரோட்ட அகலமாக்குறோம்னு வெட்டிட்டாங்க. ரோடு அகலமாச்சு, நடக்கிறவங்க கொறஞ்சிட்டாங்க, இப்ப எல்லாரும் அரை கிலோமீட்டருக்கும் மோட்டார்லதான் பிள்ளைய ஏத்திட்டு வர்றாங்க.

நம்ம தாத்தா பாட்டிங்களுக்கு இந்த வெயில் நல்லா தெரிஞ்சிருந்துச்சு. இருட்டுலயே பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல ஆள் கணக்கு எடுக்கிறதுக்கு, போயி, நெத்தியில லைட்ட கட்டிட்டு பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டினாங்க, ஏன்னா வெயில் ஏறிட்டா பால் ஓட்டம் கொறஞ்சிரும், அந்தக் குளிர்ல வெட்டினாத்தான் வாளி நெறையும். அதுவும் பால்மரத்துக்கு அடியில நடக்கிறது ஒரு தனி சொகம்னு எங்கம்மா இன்னிக்கும் சொல்வாங்க, வரிசை வரிசையா மரம், மேல கூரை மாதிரி இலை, கீழ காத்து. வருஷத் தொடக்கத்துல இலை உதிர்ற மாசங்கள்ல மட்டும் வெயில் உள்ள எறங்கும். இப்ப அதே நெலத்துல செம்பனை. வெட்டிப் போட்ட மட்டை வரிசை, முள்ளு, எலி, எலிய தேடி வர்ற பாம்பு. யாரும் சாயங்காலம் பிள்ளைய கூட்டிட்டு செம்பனைக்குள்ள காலாற நடக்கப் போறதில்ல.

அதே கடிகாரத்தால ஒரு நல்லதும் இருக்கு, ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் நிக்குது. வேலை முடிஞ்சு வந்தும் திடல்ல பந்து விளையாடலாம், ஊரே கூடுற நேரம் அதான். ஆனா ஏப்ரல், அக்டோபர் வாக்குல காத்து மாறுற காலத்துல காலையில பளிச்சுனு வெயில், நாலு மணிக்கு மேல மலைப்பக்கம் கறுத்துட்டு வரும், அடுத்து இடி. தயவுசெஞ்சு கேளுங்க தம்பிங்களா, மழை விழலேன்னாலும் இடிச் சத்தம் காதுல கேட்டாலே திடல விட்டு எறங்கிருங்க, கோல் கம்பத்துகிட்டயும் ஒத்த மரத்தடியிலயும் ஒதுங்காதீங்க. உலகத்துல மின்னல் அதிகமா விழுற எடங்கள்ல நம்ம நாடும் ஒண்ணு.

ஆத்துக்குப் போறவங்களுக்கும் இதேதான். லீவு நாளுன்னா கோலகுபு பாருலேருந்து பிரேசர் மலைக்கு ஏறுற ரோட்டோரம் பூரா காரு, சுங்கை சிலாங்கூர்ல போட் விடுறவங்க, சிலிங் அருவிப் பக்கம் குளிக்கப் போறவங்க, புக்கிட் குத்து மலை ஏறி 1,053 மீட்டர் உச்சியில பழைய வெள்ளக்காரன் பங்களாவோட புகைபோக்கிய பாத்துட்டு வர்றவங்க. எனக்கும் ரொம்ப பிடிச்ச எடம் அது. ஆனா கெப்பாலா ஆயர், அதான் ஆத்துல திடீர்னு பாஞ்சு வர்ற வெள்ளம், கீழ நிக்கிறவன் தலைக்கு மேல மழை பெய்யிறப்ப மட்டும் வர்றதில்ல, மேல மலையில பெஞ்சு கீழ வெயில் அடிக்கும்போதும் வரும். தெளிஞ்ச தண்ணி திடீர்னு டீ நெறமா கலங்கும், காஞ்ச இலையும் சுள்ளியும் கூட்டமா மெதந்து வரும், இரைச்சல் மாறும். அத பாத்ததும் சட்டி, பாய், செருப்பு எதையும் எடுக்கத் திரும்பாம மேட்டுக்கு ஏறணும். மலைச்சரிவும் அப்படித்தான், 2022 டிசம்பர் 16 விடியக் காலையில பத்தாங் காலி கேம்ப் எடத்துல மண்ணு சரிஞ்சு 31 பேரு உசுரு போச்சு, பல நாளா பெஞ்ச மழைய மண்ணு குடிச்சிட்டே இருந்துச்சு. நம்ம பக்கத்து ஊருல நடந்தது அது, இன்னமும் அந்த ரோட்டுல போறப்ப மனசு பாரமா இருக்கும்.

பக்கத்துல கோலகுபு பாருவயே எடுத்துக்குங்க. பழைய ஊரு 1883ல அணை ஒடைஞ்சு வெள்ளத்துல போச்சு, அதுக்கப்புறமும் வெள்ளம் விடல, 1920கள்ல சார்ல்ஸ் ரீட்னு நகரத் திட்டம் போடுறவரு மேடான எடத்துல புது ஊர வரைஞ்சாரு, தோட்ட நகரம்ன்ற யோசனையில. கடை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், நடுவுல திடலும் மரமும். நூறு வருஷம் ஆகப்போகுது, இன்னமும் அங்க மத்தியானத்துலயும் நடக்கலாம். எங்க தாமான், அதான் நாங்க இருக்கிற குடியிருப்பு, அதுக்கு எத்தனையோ வருஷம் பிந்தி கட்டினது, உடற்பயிற்சி மிஷின கொண்டாந்து நல்லா வெயில்ல நட்டு வச்சிருக்காங்க, பதினோரு மணிக்கு கம்பிய தொட முடியல.

பள்ளி ரோட்டுல மரம் வைக்கலாம்னு நான் பேச்செடுத்தா எதிர்த்த வீட்டு பெரியம்மா, "ஏன்டாப்பா, இலை கொட்டுமே, யாரு கூட்டுறது? வேரு லோங்காங்க, அந்த சாக்கடைய, ஒடச்சிருமே"ன்னாங்க. ஞாயமான கேள்விதான். "இல்ல பெரியம்மா, பெரிய மரத்த திடல் பக்கம் வச்சிருவோம், லோங்காங் ஓரத்துல அளவா வளர்ற சின்ன மரமா வைப்போம், கரண்டு கம்பி போற பக்கம் வேணாம்"னு சொன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "அப்ப என் வீட்டு வாசல்ல வேப்பங்கன்னு வை, ஆடிக்கும் ஆகும்"ன்னாங்க. திடலுக்கு என் ஆசை தூங்குமூஞ்சி மரந்தான், தைப்பிங் ஏரிக்கரையில கெளை ரோட்டத் தாண்டி தண்ணி வரைக்கும் சாஞ்சு நிக்குமே, அது.

அக்டோபர் மழைக்கு முன்னாடி குழி வெட்டி வைக்கணும். ரோட்டோரம் நடறதுக்கு கவுன்சில்ல பர்மிட் கேட்டு கடிதம் எழுதியாச்சு, கோயில் கமிட்டி அண்ணங்க கன்னு வாங்கித் தர்றோம்னுட்டாங்க. பள்ளி ரோட்டுல வீடு இருக்கிறவங்க பிப்ரவரி வறட்சியில வாசல் பைப்புலேருந்து ஒரு வாளி தண்ணி ஊத்த முடியுமான்னு மட்டும் சொல்லுங்க, எந்த வீட்டு முன்னாடி வைக்கிறதுன்னு அத வச்சுத்தான் முடிவு பண்ணணும்.